தீரர் சத்தியமூர்த்தியும் பறிமுதலான பாட்டும்

ஒரு தேசத்துப் பிரஜைக்கு உள்ள சுதந்திரத்தின் அளவை அறிய வேண்டுமானால், அவன் வீட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டும். கதவைத் தட்டும் போலீஸ் அதிகாரியிடம், யாருடைய உத்தரவின் பேரில் வந்தீர், எந்தப் பொருளைத் தேடி வந்தீர், எடுத்துச் செல்வதற்கு ஜாபிதா எங்கே என்று அச்சமின்றிக் கேட்க அவனுக்கு உரிமை உண்டா? கேட்டால் பதில் சொல்லும் கடமை அதிகாரிக்கு உண்டா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையே அந்நாட்டுச் சுதந்திரத்தின் உரைகல். தமிழ்நாட்டில் இக்கேள்விகளை, ஒரு பாட்டுப் புஸ்தகத்தின் பொருட்டு, சட்டசபையில் ஓங்கிய குரலில் எழுப்பியவர் ஸ்ரீ சத்தியமூர்த்தி. பூண்டி நீர்த்தேக்கத்தையும் காங்கிரஸ் காரியாலயத்தையும் அவர் பெயரால் அழைக்கும் நாம், அவர் செய்த இந்தப் பெருங் காரியத்தை அவ்வளவாக நினைப்பதில்லை. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியமாகிறது.

புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் 1887-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தையும் வக்கீல் தொழில் செய்தவரே. இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்ப பாரத்தையும் படிப்பையும் ஒருங்கே சுமந்தவர் அவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் சட்டக் கல்லூரியிலும் பயின்று, ஸ்ரீ எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகி வக்கீலானார். கோர்ட்டில் நிலைத்து நின்றிருந்தால் பெரும் பொருள் சேர்த்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய நாட்டம் பொது மேடையிலும் சட்டசபையிலுமே சென்றது. நாடகத்திலும் சங்கீதத்திலும் அவருக்கிருந்த ஈடுபாடு சென்னைவாசிகள் நன்கறிந்தது. சுகுண விலாச சபையின் மேடையில் வேஷம் தரித்தவர், அரசியல் மேடையில் வேஷமின்றிப் பேசினார்.

1919-ல் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களைப் பற்றிக் காங்கிரஸின் கருத்தை எடுத்துரைக்க இங்கிலாந்துக்குச் சென்ற தூதுகோஷ்டியில் அவரும் ஒருவர். அதே வருஷத்தில்தான் ரௌலட் சட்டமும் வந்தது. ஒரு கையால் சீர்திருத்தத்தை நீட்டி, மறு கையால் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட ஆட்சி அது. இந்த இரட்டை நடையைச் சட்டம் பயின்ற ஓர் இளைஞர் அருகிலிருந்து கண்டார். பின்னாளில் அவர் செய்த போராட்டங்களுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது எனலாம். 1923-ல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபையில் புகுந்தார். அதிகாரவர்க்கத்தை அதன் கோட்டைக்குள்ளேயே சென்று எதிர்ப்பது என்பதே அக்கட்சியின் கொள்கை. கேள்வி, உபகேள்வி, வெட்டுப் பிரேரணை, ஒத்திவைப்புப் பிரேரணை ஆகிய சட்டசபை ஆயுதங்கள் அனைத்தும் அவர் கைக்குப் பழகிப்போயின.

இனி 1928-ம் வருஷத்துச் சம்பவத்துக்கு வருவோம். சுப்பிரமணிய பாரதியார் 1921-ல் காலமானார். அவருடைய உறவினரும் நண்பரும் சேர்ந்து நடத்திய பாரதி பிரசுராலயம் அவர் நூல்களைச் சென்னையில் வெளியிட்டு வந்தது. அவற்றுள் சுதேச கீதங்கள் என்னும் நூலும் ஒன்று. அதிலுள்ள பாடல்களிற் பல, பாரதியார் காலத்திலேயே அச்சேறி, இருபது வருஷங்களாகத் தமிழ்நாட்டுக் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் பஜனைகளிலும் பாடப்பட்டு வந்தவை. சென்னை சர்க்காரின் காதில் அவை விழாமல் இருந்திருக்க முடியாது. அப்படியிருந்தும் அவ்வருஷத்தில் திடீரென்று அந்நூல் குற்றவாளியாயிற்று. குற்றம் சாட்டியதோ சென்னை சர்க்காரன்று. கடலுக்கு அப்பாலிருந்த பர்மா சர்க்கார்!

பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937-ல்தான் அது பிரிக்கப்பட்டது. அங்கே வியாபாரத்தின் பொருட்டும் கூலியின் பொருட்டும் சென்று குடியேறிய தமிழர் ஏராளம். அவர்களிடையே இப்பாடல்கள் பரவுவது ராஜத்துரோகத்தை வளர்க்கும் என்று பர்மா சர்க்கார் கருதி, நூலைப் பறிமுதல் செய்ததாக அறிவித்தது. ரங்கூனில் அச்சான ஒரு அறிவிப்பைக் கொண்டு சென்னைப் போலீஸார் என்ன செய்ய முடியும் என்று சாதாரண அறிவுள்ள எவரும் கேட்பார். சட்டத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

1910-ம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம் 1922-ல் ரத்து செய்யப்பட்டது. ஜனங்கள் மகிழ்ந்தனர். ஆனால் அச்சட்டத்தின் விஷப்பல் பிடுங்கப்படவில்லை. வேறு வாயில் பொருத்தப்பட்டது. கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 99-ஏ முதலான பிரிவுகளாக அது குடிபுகுந்தது. அதன்படி, ஒரு மாகாண சர்க்கார் ஒரு நூலில் ராஜத்துரோக விஷயம் இருப்பதாகத் தனக்குத் தோன்றினால், காரணங்களைக் கூறி, அந்நூலின் பிரதிகள் அனைத்தும் சர்க்காருக்குப் பறிமுதல் என்று அறிவிக்கலாம். அறிவிப்பு வெளியானதும், பிரிட்டிஷ் இந்தியாவில் எங்கே அப்பிரதிகள் காணப்பட்டாலும் போலீஸார் கைப்பற்றலாம். பிரதி இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் எந்த இடத்திலும் புகுந்து சோதனையிட, சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரிக்கு மாஜிஸ்திரேட் வாரண்ட் அளிக்கலாம். பறிமுதல் தவறென்று கருதுவோர் இரண்டு மாதத்துக்குள் ஹைக்கோர்ட்டில் மனுச் செய்து கொள்ளலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட விசேஷ பெஞ்சு அதை விசாரிக்கும்.

இந்த ஏற்பாட்டை ஊன்றிக் கவனியுங்கள். முதலில் தண்டனை, பிறகு விசாரணை. நூல் குற்றமுள்ளது என்று எந்த நீதிபதியும் தீர்ப்பளிப்பதற்கு முன்பே அது பறிபோகிறது. நூலை வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் வாசகன் எந்தக் குற்றமும் செய்தவனல்லன்; ஆனாலும் அவன் வீடு சோதனைக்குரிய இடமாகிவிடுகிறது. ஒரு பிரதி இருக்கலாம் என்ற சந்தேகமே போதும் என்னும்போது, தமிழ் எழுத்தறிந்த எவனுடைய வீடு சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது? எங்கோ ஒரு மாகாணத்தில் ஒரு காரியதரிசி போட்ட கையெழுத்து, தேசம் முழுவதிலும் எத்தனையோ பூட்டுகளைத் திறக்கும் சாவியாயிற்று.

1928 செப்டம்பரில் சென்னைப் போலீஸார் அந்தச் சாவியைப் பிரயோகித்தனர். பாரதி பிரசுராலயத்தார் வைத்திருந்த பிரதிகள் சோதனையில் அகப்பட்டு, வாரிச் செல்லப்பட்டன. ஒரு சிறு பிரசுராலயத்துக்கு, அச்சிட்டு அடுக்கி வைத்த புஸ்தகமே மூலதனம். அதைக் கொண்டுபோவது உழவனின் விதைநெல்லைக் கொண்டுபோவதற்கு ஒப்பாகும். தமிழ்நாடெங்கும் கண்டனக் குரல் எழுந்தது.

அக்டோபர் மாதம் சட்டசபை கூடியது. சத்தியமூர்த்தி ஒத்திவைப்புப் பிரேரணை கொண்டுவந்தார். அவசரமான பொது விஷயத்தைப் பற்றி மற்ற அலுவல்களை நிறுத்திவிட்டு விவாதிக்கும் உரிமையைச் சட்டசபை விதிகள் வழங்கியிருந்தன. ஒரு கவிஞனுடைய பாட்டுக்காக அந்த உரிமை கோரப்பட்டது. தேசத்தை நேசிப்பதும் அதன் விடுதலையை விரும்புவதும் துரோகமாகா என்றும், அப்படியானால் பாரதியை மட்டுமன்றிச் சுதந்திரத்தைப் போற்றும் உலகக் கவிஞர் அனைவரையும் பறிமுதல் செய்ய வேண்டிவரும் என்றும் தோன்றும்படி அவர் வழக்கை நடத்தினார். பாடல்களையே எடுத்துக்காட்டி வாதாடினார். வாதம் காங்கிரஸ்காரரை மட்டும் கவரவில்லை. கட்சி வேற்றுமை மறந்து அங்கத்தினர் பலர் ஆதரித்தனர். சர்க்கார் தரப்பு தோற்றது; பிரேரணை பெருவாரியான வாக்குகளால் நிறைவேறிற்று.

ஆனால் அந்த வெற்றியின் எல்லையையும் நாம் மறைக்கலாகாது. அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் முதலியவை மந்திரிகளிடம் விடப்பட்டிருந்தன. போலீஸும் நீதி நிர்வாகமும் ஒதுக்கப்பட்ட இலாகாக்கள். அவற்றைக் கவர்னரும் அவருடைய நிர்வாக சபையாரும் வைத்துக்கொண்டிருந்தனர். சட்டசபை எத்தனை வாக்குகளால் கண்டித்தாலும் அவர்கள் பதவி விலக வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தைத் தமிழரிடம் கொடுத்துவிட்டு, பாட்டுப் புஸ்தகத்தைப் பறிக்கும் போலீஸைத் தம்மிடமே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எனினும் சத்தியமூர்த்தி ஒன்றைச் சாதித்தார். சோதனைக்கும் பறிமுதலுக்கும் உள்ளான பொருள் ஜனங்களின் பொருள் என்பதை அவர்களுடைய பிரதிநிதிகள் வாயாலேயே சொல்லச் செய்தார். அதிகாரவர்க்கம் சட்டப்படி தப்பியது, நியாயத்தில் தோற்றது. 21 வருஷம் கழித்து, 1949-ல், சென்னை சர்க்காரே பாரதி நூல்களின் உரிமையை வாங்கியது. பின்னர் அது ஜனங்களுக்குப் பொதுவாக்கப்பட்டது. எந்தப் பாட்டைச் சர்க்கார் சாக்கில் கட்டிக் கொண்டுபோயிற்றோ அதே பாட்டைப் பணம் கொடுத்துப் பெற்று நாட்டுக்கு வழங்க நேர்ந்ததைக் காலத்தின் தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

இவ்விஷயத்தில் ஆங்கிலேயர் தம் நாட்டில் நடந்துகொண்ட விதம் வேறு. 1763-ல் ஜான் வில்க்ஸ் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் நடத்திய நார்த் பிரிட்டன் பத்திரிகையின் 45-வது இதழில் அரசரின் பேச்சைத் தாக்கி ஒரு கட்டுரை வந்தது. மந்திரி ஹாலிபாக்ஸ் பிரபு, யார் பெயரும் குறிக்காத பொது வாரண்டு ஒன்றைப் பிறப்பித்தார். அதைக் கொண்டு 49 பேர் கைதாயினர். வில்க்ஸின் வீடு சோதிக்கப்பட்டு அவருடைய காகிதங்கள் அள்ளிச் செல்லப்பட்டன. அவர் அடங்கிவிடவில்லை, அதிகாரிகள் மேல் வழக்குத் தொடர்ந்தார். ஜூரிகள் அவருக்கு 1,000 பவுன் நஷ்டஈடு விதித்தனர். 1765-ல் எண்டிக் என்பவருடைய வழக்கில் காம்டன் பிரபு, சட்டத்தில் ஆதாரம் காட்ட முடியாத சோதனை வெறும் அத்துமீறலே என்று தீர்ப்பளித்தார். இதே கொதிப்பு அமெரிக்கக் குடியேற்றங்களிலும் கிளம்பி, 1791-ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தமாக உருப்பெற்றது. நியாயமற்ற சோதனையும் கைப்பற்றுதலும் கூடாது. தகுந்த காரணமின்றி வாரண்டு இல்லை. வாரண்டில் இடமும் பொருளும் குறிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். லண்டனில் 1763-ல் செல்லாமற்போன வழக்கம் சென்னையில் 1928-ல் சட்டமாக உலவியது. அடிமை நாட்டுக்கு ஒரு நீதி, ஆண்ட நாட்டுக்கு ஒரு நீதி என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சத்தியமூர்த்தியின் பிற்கால வாழ்க்கை தமிழர் பலரும் அறிந்ததே. சட்ட மறுப்பு இயக்கத்தில் சிறை சென்றார். 1934-ல் சென்னை நகரத் தொகுதியில் ஜஸ்டிஸ் கட்சியின் பெருந்தலைவர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து மத்திய சட்டசபைக்குச் சென்று, அங்கே காங்கிரஸ் கட்சியின் உபதலைவராக விளங்கினார். காமராஜரை அரசியலில் வளர்த்து ஆளாக்கினார். 1939-ல் சென்னை மேயராகி, நகரின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டித் திட்டத்துக்காக உழைத்தார். 1944-ல் அது நிறைவேறியபோது அவர் இல்லை. 1942-ல் மீண்டும் சிறைப்பட்டு, தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உடல் முறிந்து, 1943 மார்ச் 28-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார்.

அவரைக் குறையற்றவராக வர்ணிப்பது நம் நோக்கமன்று. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதே சட்டசபையில் முயன்றபோது சத்தியமூர்த்தி எதிர்த்து நின்றார். வீட்டு வாசலைக் காக்கும் சுதந்திரத்தை அறிந்தவர், அவ்வாசலுக்குள் வழக்கத்தின் பெயரால் கட்டுண்டிருந்த பெண்களின் சுதந்திரத்தை அறியத் தவறினார். இது அவருடைய பெருமைக்கு ஏற்பட்ட மாசு. ஒருவர் ஒரு துறையில் கண்ட வெளிச்சத்தை மறுதுறைக்குக் கொண்டுசெல்ல வேண்டியது பின்வருவோரின் பொறுப்பு.

அந்நிய ஆட்சி போனதும் இப்பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். அந்நியர் இருக்கும்போதே அதற்கு அறிகுறி தென்பட்டது. 1937-ல் சென்னையில் காங்கிரஸ் மந்திரிசபை பதவியேற்ற சில மாதங்களுக்குள், சோஷலிஸ்ட் தலைவர் பாட்லிவாலா அதே ராஜத்துரோகப் பிரிவின்கீழ் கைது செய்யப்பட்டார். வெறுத்த ஆயுதமும் கைக்கு வந்தால் இனிக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் காஜி சையத் கரீமுத்தீன் என்னும் அங்கத்தினர், நியாயமற்ற சோதனையிலிருந்து பாதுகாப்பை அடிப்படை உரிமையாக்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கச் சித்தமாயிருந்தார். ஆயினும் வாக்கெடுப்பில் அது தோற்றது. ஆகையால் நம் அரசியல் சட்டத்தில் அப்படியொரு ஷரத்து எழுதப்படவில்லை.

எழுதப்படாததை நீதிமன்றங்கள் சிறிது சிறிதாகக் கட்டி வந்திருக்கின்றன. 1954-ல் எம்.பி. சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, சோதனையிலிருந்து அந்தகைய பாதுகாப்பு நம் சாசனத்தில் இல்லை என்றது. 1962-ல் கரக் சிங் வழக்கில், போலீஸார் இரவில் வீடு புகுந்து பார்க்கும் விதி செல்லாது என்று சென்னை ஹைக்கோர்ட்டிலிருந்து சென்ற நீதிபதி ராஜகோபால ஐயங்கார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். 1973-ல் பூரன்மால் வழக்கில், முறைகேடான சோதனையில் அகப்பட்ட பொருளும் சாட்சியமாகலாம் என்று தீர்ப்பாயிற்று. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நிலைநாட்டி, சர்மா வழக்கின் மாறான கருத்தை நீக்கினர்.

சுதேச கீதங்களைப் பறித்த 99-ஏ பிரிவு என்னவாயிற்று? அது 1973-ம் வருஷத்துச் சட்டத்தில் 95-வது பிரிவாகி, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 98-வது பிரிவாக உயிரோடிருக்கிறது. இன்றும் ஒரு ராஜ்ய சர்க்காரின் அறிவிப்பைக் கொண்டு இந்தியாவில் எங்கும் நூலைக் கைப்பற்றலாம். பெரியார் ராமாயணத்தைப் பற்றி எழுதிய நூலின் ஹிந்தி மொழிபெயர்ப்பை உத்தரப் பிரதேச சர்க்கார் 1969-ல் பறிமுதல் செய்தபோது, பிரசுரகர்த்தரான லாலய் சிங் யாதவ் ஹைக்கோர்ட்டில் போராடி வென்றார். சர்க்காரின் அப்பீலையும் 1976-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது. காரணம் கூறாத பறிமுதல் உத்தரவு செல்லாது என்பதே தீர்ப்பின் அடிப்படை. பாரதிக்கு நேர்ந்தது பெரியாருக்கும் நேர்ந்தது. கொள்கையில் எதிர்முனைகளாகக் கருதப்படும் இருவருடைய நூலுக்கும் காவல் ஒரே சட்ட நியாயந்தான் என்பதைக் கட்சிக்காரர் அனைவரும் உணர வேண்டும்.

தேச ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டிய சில விதிகளையும் சொல்லி வைப்போம். வாரண்டின்றிச் சோதனையிடும் அதிகாரி, தாம் நம்பும் காரணத்தையும் தேடும் பொருளையும் எழுத்தில் பதிய வேண்டும். அப்பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குச் செல்ல வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவரேனும் சாட்சியாக நிற்க வேண்டும். கைப்பற்றியவற்றின் ஜாபிதா தயாரித்து, அதன் நகலை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். பெண்களைப் பெண்களே, மரியாதை குன்றாமல், சோதிக்க வேண்டும். புதிய சட்டத்தின் 105-வது பிரிவின்படி சோதனை முழுவதும் ஒலியும் ஒளியுமாகப் பதிவாகி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்பட வேண்டும். இவை தயவன்று, கடமை. கேட்பவர் இல்லாவிடில் கடமையும் காகிதத்திலேயே தூங்கும்.

இன்று பெருங்குடியில் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் பயில்கின்றனர். சத்தியமூர்த்தி மேயராயிருந்தபோது நகரின் எல்லைக்கு வெளியே கிடந்த அவ்வூர், 2011 முதல் அதே மாநகராட்சியின் ஒரு பகுதி. அதைச் சுற்றிக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே நடந்து செல்லும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கைப்பேசி. அதனுள் கடிதம், கணக்கு, புகைப்படம், நட்பு, அபிப்பிராயம் யாவும் அடக்கம். 1928-ல் ஒரு வீட்டை முழுவதும் புரட்டினாலும் அகப்படாத அந்தரங்கம் இன்று ஒரு கைப்பேசியைப் பறித்தால் அகப்படுகிறது. பெருங்குடி மாணவர்கள் வக்கீல்களாகிக் கோர்ட்டு ஏறும்போது நடத்தப்போகும் வழக்கு இதுவே.

சத்தியமூர்த்தி கொண்டுவந்த பிரேரணை ஒரு நாள் விவாதத்தோடு முடிந்தது. அது எழுப்பிய கேள்வி முடியவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்தக் கட்சியின் புஸ்தகம் பறிபோனாலும், அதே கேள்வியைச் சட்டசபையில் எழுந்து நின்று கேட்கும் அங்கத்தினர் ஒருவரேனும் இருக்க வேண்டும். அத்தகையவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பொறுப்பு வாக்காளரைச் சேர்ந்தது.